எப்படி வந்துச்சு?

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயாவைப் பார்த்துக்கொள்ள காவாந்தண்டலத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். பகலில் திண்ணையில் லேப்டாப், இரவில் ஆயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய். அப்போது ஒருநாள் எங்கள் கம்பெனியில் பெரிய தகராறு. பணம் கட்டும் சர்வர் நாற்பது நிமிடம் படுத்துவிட்டது. மறுநாள் காலையில் போனில், "பதினோரு மணிக்கு போஸ்ட்மார்ட்டம், எல்லாரும் வந்துடுங்க" என்று நான் சொன்னது வாசல்வரை கேட்டிருக்கிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சித்தி சாம்பல் கையோடு ஓடி வந்தாள்.

"யாருப்பா செத்தது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். சாஃப்ட்வேரில் ஏதாவது கவிழ்ந்தால் அப்புறம் உட்கார்ந்து என்ன நடந்தது, எந்த நேரத்தில் நடந்தது, ஏன் முன்பே தெரியவில்லை என்று பேசுவோம். அதற்குத்தான் அந்தப் பேர். அதிலும் எங்களுடையது 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்'. யார் மேலும் பழி போடக் கூடாது. யார் செய்தது என்று கேட்டால் ஆள் பயந்து மறைப்பான், மறைத்தால் காரணம் கிடைக்காது, காரணம் கிடைக்காவிட்டால் அடுத்த வாரமும் கவிழும்.

"அப்ப தப்பு பண்ணவன?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம் சித்தி."

"நல்ல கம்பெனிப்பா," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பிப் போனாள். அவள் குரலில் கேலி இருந்ததா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகுதான் இருந்தது என்று தோன்றுகிறது.

ஆயாவுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்று. எழுபத்தெட்டு வயது. கீமோவும் ஸ்டீராய்டும் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு, அண்ணம், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் தயிர்த் திப்பி ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. துணியால் துடைத்தால் அடியில் சிவந்த சதை, லேசாக ரத்தம். "பச்சப் புள்ளைங்களுக்கு வர்ற அக்கரம்டா இது, மாசிக்காய ஒரைச்சுத் தடவு" என்று ஆயாவே தனக்கு வைத்தியம் சொன்னாள். டாக்டர் குளோட்ரிமசோல் வாய்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பாட்டிக்கு இப்போது எதிர்ப்பு சக்தி மிகக் குறைவு. கொதிக்கவைத்து ஆற வைத்த தண்ணீர், சளி இருமல் உள்ளவர்கள் கிட்டே போகக் கூடாது, அவருக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு.

தனி டம்ளர் என்று கேட்டதும் சித்தி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வெள்ளைப் படிவத்துக்குக் காரணமான பூஞ்சைக்கு கேண்டிடா அல்பிகன்ஸ் என்று பெயர். ஈஸ்ட் வகை. இதைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தபோது என்னை முதலில் உலுக்கியது, இது வெளியிலிருந்து வருவதே பெரும்பாலும் இல்லை என்பதுதான். ஆரோக்கியமான மனிதர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் வாயில் இது ஏற்கனவே குடியிருக்கிறது. இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்கள் வாயிலும் இருக்கலாம். உருண்டையான சின்ன செல்லாக, மற்ற கோடிக்கணக்கான பாக்டீரியாக்களோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, தொந்தரவு இல்லாமல். நம் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு, சி.டி.4 எனப்படும் டி செல்கள், அதை எல்லைக்குள் வைத்திருக்கிறது. அந்தக் காவல் தளர்ந்ததும் பூஞ்சை உருவம் மாற்றுகிறது. உருண்டை நீண்டு இழையாகிறது, இழை சதைக்குள் இறங்குகிறது. இறங்கும்போது அது சுரக்கும் நச்சை 2016-ல்தான் கண்டுபிடித்து கேண்டிடாலைசின் என்று பெயர் வைத்தார்கள்.

காவல் தளர்வதற்குக் காரணங்கள் பல. பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் முளைக்கவில்லை. ஆஸ்துமாக்காரர் இன்ஹேலர் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்க மறக்கிறார். கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய் மருந்து, சிறுநீரகம் மாற்றியவர் சாப்பிடும் மாத்திரை, எச்.ஐ.வி. வாயில் தெரிவது மட்டும் எல்லோருக்கும் ஒரே வெள்ளை. பூஞ்சைக்கு வீட்டுக்காரரின் கதை தெரியாது.

மருத்துவத்தில் இந்த வகை நோய்களுக்கு ஒரு பெயர் உண்டு. சில தமிழ்க் கையேடுகளில் அதைச் 'சந்தர்ப்பவாதத் தொற்று' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இது மேடையில் எதிர்க்கட்சிக்காரரைத் திட்டும் வார்த்தை. முதல்முறை வாசித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தேன். ஒருவர் பலமிழக்கும்வரை அமைதியாகப் பக்கத்தில் இருந்துவிட்டு, பலமிழந்ததும் சுயரூபம் காட்டுவது சந்தர்ப்பவாதம் என்றால், 2001-ல் எங்கள் வீட்டில் அதைச் செய்தது பூஞ்சை மட்டும் இல்லை.

சித்தப்பா லாரி ஓட்டினார். மும்பை லைன். போனால் பத்துப் பன்னிரண்டு நாள். வரும்போது மிட்டாய், பிளாஸ்டிக் பொம்மை, ஒருமுறை எனக்கு ஒரு கால்குலேட்டர். நான் இன்ஜினியரிங் படித்ததற்கு அந்தக் கால்குலேட்டர்தான் காரணம் என்று பேட்டி கொடுக்கும் அளவுக்கு நான் ஆளாகவில்லை, ஆனாலும் அதை வைத்திருக்கிறேன். 2001-ல் அவர் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டோடு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாயில் இதே வெள்ளை. அது தொண்டைக்குள்ளும் இறங்கி, எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சில் முள் குத்துகிறது என்பார். பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரைத் தொடவே இல்லை. ரத்தம் எடுக்க வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வந்த முடிவை, எங்களிடம் சொல்வதற்கு முன்பே ஊருக்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

முதலில் போட்டது ஊதா மருந்து. ஜென்ஷன் வயலட், ஜி.வி. பெயிண்ட் என்பார்கள். மலிவு, ஓரளவு வேலையும் செய்யும். ஆனால் தடவினால் நாக்கு, உதடு, பல் இடுக்கு எல்லாம் கத்திரிப்பூ நிறம், நாள்கணக்கில் போகாது. சித்தப்பா வாசலில் உட்கார்ந்தால், ரோட்டில் போகிறவர்களுக்கு அவர் வாயே நோட்டீஸ் போர்டு. பேசுவதை நிறுத்திக்கொண்டார். பேசினால் வாயைத் திறக்க வேண்டுமே.

ஆயா அவருக்குத் தனி டம்ளர் வைத்தாள். பச்சை பிளாஸ்டிக். தட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம். சித்தியின் துணியும் தனியாகக் காய்ந்தது. முடி வெட்டுகிறவர் வரவில்லை. உறவுக்காரர்கள் தெருமுனையில் நின்று எங்கள் அப்பாவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: "எப்படி வந்துச்சு?"

இதே கேள்வியை ஆயா படுத்தபோதும் கேட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உரக்க. பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, இந்த மனுசிக்கா வரணும்?" வார்த்தை ஒன்றுதான். டாக்டர் கேட்டால் அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. எங்கிருந்து தொடங்கியது என்று தெரிந்தால் எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். தெருமுனையில் நின்று கேட்டவர்களுக்கு வேறொன்று தேவைப்பட்டது. இந்த ஆளுக்காக வருத்தப்படலாமா, கூடாதா? பரிதாபத்தைச் செலவு செய்யும் முன் தகுதி பார்த்தார்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு மத்தியானம் சித்தப்பா கூப்பிட்டு, உரித்த கமலா ஆரஞ்சில் பாதியை நீட்டினார். புளிப்பு பட்டால் அவருக்கு வாய் எரியும், அதனால் எனக்கு. வாங்கிக்கொண்டேன். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் வீசினேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாள் கோழிகள் அந்தச் சுளைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டன. அவர் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஆரஞ்சுச் சுளையில் எச்.ஐ.வி. வராது, டம்ளரில் வராது என்று எங்கள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருந்தது. நான் அதை வாசித்திருந்தேன். அறியாமை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. உண்மையில் நிலைமை நேர்எதிராக இருந்தது. சி.டி.4 அணுக்கள் தரைதட்டிப்போன ஒருவருக்கு எங்களால்தான் ஆபத்து. என் சளி, அப்பாவின் இருமல், யாரோ ஒருவரின் காசநோய்க் கிருமி இதில் எதுவும் அவரைக் கொண்டுபோயிருக்கலாம். ஆயாவுக்கு டாக்டர் சொன்ன தனி டம்ளர் சித்தப்பாவுக்கும் தேவைப்பட்டதுதான், அவரை எங்களிடமிருந்து காப்பாற்ற. நாங்கள் அதே டம்ளரை எங்களைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தோம். அது எவர்சில்வரா பிளாஸ்டிக்கா, வெந்நீரில் கழுவியதா கொட்டகையில் கிடந்ததா என்பதில் வித்தியாசம் முழுக்கத் தெரிந்தது.

மருந்தைப் பற்றி ஒரு சங்கதி. தாம்பரம் சானடோரியத்துக்குப் போன பிறகு சித்தப்பாவுக்கு ஃபுளூகனசோல் மாத்திரை கொடுத்தார்கள். 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய அந்த இடம், அந்த வருடங்களில் நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்த்த ஆஸ்பத்திரிகளில் ஒன்று. ஒரு வாரத்தில் அவரால் கஞ்சி குடிக்க முடிந்தது. வாய் ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் இந்த மாத்திரைக்காக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டோபர் மொராகா என்பவர் கடுமையான வாய்ப்பூஞ்சையோடு 2000 ஜூலையில் இறந்தார். சிகிச்சை உரிமைக்காகப் போராடிய டி.ஏ.சி. இயக்கத்தின் தொண்டர் அவர். ஃபுளூகனசோலின் காப்புரிமை ஃபைசர் கம்பெனியிடம் இருந்தது, விலை அவர்களுக்கு எட்டவில்லை. அந்த வருடம் அக்டோபரில் அதே இயக்கத்தின் சாக்கி அக்மத் தாய்லாந்துக்குப் போய், அங்கே தயாரான மலிவான அதே மருந்தில் 5,000 கேப்சூல்களை வாங்கி, சட்டத்தை மீறுகிறேன் என்று அறிவித்துவிட்டே நாட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தப் போராட்டத்துக்கு மொராகாவின் பெயரைத்தான் வைத்தார்கள்.

நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1970-ல் போட்ட காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டும்தான். அதனால் நம் கம்பெனிகள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்றன. 2005-ல்தான் அது மாறியது. ஆக, கேப் டவுனில் கிடைக்காத மாத்திரை சித்தப்பாவுக்குக் கிடைத்தது. எங்களிடம் இல்லாமல் போனது காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை.

பூஞ்சை போனாலும் அடியில் இருந்த வைரஸ் போகவில்லை. அதற்கான கூட்டு மருந்தை ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று சிப்லா 2001 பிப்ரவரியில் அறிவித்தது உலகச் செய்தி. அதற்கு முன் அது பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆனால் 350 டாலர் என்பது அன்றைக்கு சுமார் 16,000 ரூபாய், வண்டி நிறுத்திய டிரைவருக்கு அதுவும் எட்டாத தொகைதான். அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ம் தேதி. தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. சித்தப்பா 2002 பொங்கலுக்கு முந்தைய வாரம் இறந்துவிட்டார். சித்தி அந்த மருந்தால்தான் இன்று உயிரோடு இருக்கிறாள்.

சித்தியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ம் வருடச் சட்டமே சொல்கிறது. சட்டம் வருவதற்குப் பதினாறு வருடம் முன்பே எங்கள் விஷயத்தை ஊர் வெளியிட்டுவிட்டது, அது வேறு. "எம் பேரு மட்டும் போடாத, மத்தபடி எழுது" என்றாள். சில அடையாளங்களை நானாக மாற்றியிருக்கிறேன்.

இங்கேதான் என் பிளேம்லெஸ் தத்துவம் தடுக்கி விழுகிறது.

யார் மேலும் பழி இல்லை, எல்லாம் காரண காரியம், பூஞ்சைக்குக் கதை தெரியாது என்று எழுத எனக்குச் சுலபம். நான் மருமகளாக அந்த வீட்டுக்கு வரவில்லை. தனக்குத் தெரிந்தும் சித்தப்பா சில மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று சித்தி பிறகு என் அம்மாவிடம் சொன்னாள். அது சர்வர் கவிழ்ந்த கதை அல்ல. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்தது. அவளிடம் போய் 'யார் செய்தது என்று கேட்கக் கூடாது' என்று சொன்னால், பரந்த மனசு என்ற பெயரில் நான் அவளுடைய வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன் என்றுதான் அர்த்தம். அவள் "நல்ல கம்பெனிப்பா" என்றது அதனால்தான்.

மறுபக்கத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியது பாலியல் தொழில் செய்த பெண்களிடம். எங்கே தேடுகிறோமோ அங்கே கிடைக்கும். அது 'அந்த மாதிரி' ஆட்களின் நோய் என்று ஊர் முடிவு கட்டியது. பின்னாளில் சுனிதி சாலமனே தன்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள் என்று சொல்லிவந்தார். உடனே பத்திரிகைகளில் ஒரு புதுச் சொல் வந்தது: 'அப்பாவி மனைவிகள்', 'அப்பாவிக் குழந்தைகள்'. நல்ல எண்ணத்தில் எழுதினார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒருவரை அப்பாவி என்று பிரித்து எடுத்து இரக்கம் காட்டினால், மிச்சமிருப்பவர்களுக்கு என்ன பெயர்? இரக்கத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் பழக்கம் அங்கேயும் அப்படியே இருந்தது, வரிசையில் நின்ற ஆட்கள்தான் மாறினார்கள். சித்திக்கும் அந்தச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்திருக்கும். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "பாவம், அவ என்ன பண்ணா" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள்.

எங்கள் ஊரிலிருந்து செய்யாற்றின் ஓட்டத்தோடு போனால் திருமுக்கூடல் வரும். செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் சேரும் இடம். அங்கே பெருமாள் கோவில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 950 வருடப் பழசு. அதில் ஒரு ஆஸ்பத்திரியின் முழுக் கணக்கும் உண்டு. பதினைந்து படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், மருந்து கொடுத்துக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், ஒரு தண்ணீர்க்காரர். யாருக்கு எவ்வளவு நெல், எந்தெந்தத் தைலம் எவ்வளவு இருப்பு, எல்லாம். ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் படுக்கைகள் அங்கே படித்த மாணவர்களுக்கும் கோவில் பணியாளர்களுக்கும்தான். ஆற்றங்கரையில் காய்ச்சலோடு கிடக்கும் வழிப்போக்கனுக்கு அதில் இடம் உண்டா என்றால் கல்வெட்டில் பதில் இல்லை. நாவிதர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்பதுதான் என்னை நிறுத்தியது. நோயாளிக்கு முடி வெட்டவும் ஆள் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சித்தப்பா இறக்கும்போது முடி தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சித்திதான் துணி வெட்டும் கத்தரியால் வெட்டிவிட்டாள்.

சித்தி என்ன செய்தாள் என்பதை இருபது வருடம் கழித்துத்தான் நான் யோசித்தேன். சித்தப்பா இருந்த கடைசி ஆறு மாதமும் அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை. 'நல்லாயிருக்கா', 'வேணுமா', 'வேணாமா' அவ்வளவுதான். கோபத்தை ஒருநாளும் மறைக்கவில்லை. ஆனால் வாயைத் துடைத்தாள். பஞ்சை விரலில் சுற்றி, மேலண்ணம், கன்னம், நாக்கின் அடி என்று ஒரு இடம் விடாமல். கஞ்சியை ஆற்றி, சூடு பார்த்து, அவர் குடித்து மிச்சம் வைத்ததைத் தானே குடித்தாள். பச்சை டம்ளரில்தான். அவள் இரண்டு கணக்கு வைத்திருந்தாள். ஒன்றில் அவர் செய்தது அப்படியே இருந்தது, ஒரு பைசா தள்ளுபடி இல்லாமல். இன்னொன்றில் வாய் வலிக்கிறது, கஞ்சி வேண்டும் என்பது மட்டும். முதல் நோட்டைப் பார்த்து இரண்டாவது நோட்டில் எதையும் அடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் ஒரே நோட்டுதான் வைத்திருந்தோம்.

இது மன்னிப்பு இல்லை என்று நினைக்கிறேன். மன்னித்துவிட்டுப் பார்த்துக்கொள்வது ஒருவகையில் எளிது, மனசும் கையும் ஒரே திசையில் போகும். மன்னிக்காமல் பார்த்துக்கொள்ள என்ன வேண்டியிருக்கும் என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடமை என்றால் வறட்சியாக இருக்கிறது. 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று ஊர் சொல்லும், அது அவளை இன்னொரு முறை சுரண்டுவது. அவளுக்கு அன்று வேறு போக்கிடமும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மிச்சக் கஞ்சியைக் குடிக்க வேண்டும் என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆயாவின் கணக்கும் அவளிடம் இருந்தது. பச்சை டம்ளரை வைத்தது ஆயாதான். மகன் போன பிறகு மூன்று வருடம் சித்திக்கும் அதே டம்ளர்தான். சித்தி மாத்திரை சாப்பிட்டு உடம்பு தேறி, வயல் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, எப்போது என்று தெரியாமல் அது வீட்டிலிருந்து காணாமல்போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் தங்கியிருந்த ஆறு வாரமும் ஒரு நாளைக்கு நான்கு தடவை சித்திதான் ஆயாவுக்கு வாய் துடைத்து மருந்து விட்டாள். அதே விரல், அதே வரிசை. மேலண்ணம், கன்னம், நாக்கின் அடி. ஒரு சாயங்காலம் ஆயா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வாயில் மருந்து, பேச முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது எரிச்சலாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. சித்தி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. ஆயாவாக விடும்வரை அப்படியே குனிந்து நின்றாள்.

ஆயா தூங்கிய பிறகு முற்றத்தில் வைத்துக் கேட்டேன். "சித்தி, அவங்கள மன்னிச்சுட்டியா?"

"யார? உங்க சித்தப்பாவையா, ஆயாவையா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதாக ஒரு ஆளையும் அவள் சொல்லியிருக்கலாம். ஆரஞ்சுச் சுளைகளைக் கோழி இழுத்து வந்த அன்றைக்கு அவளும் வாசலில்தான் நின்றிருந்தாள்.

"அத எதுக்கு இப்ப," என்றாள். "அந்த டம்ளர வெந்நியில போட்டு எடுத்துக்கினு வா. எட்டு மணிக்கு மறுபடியும் மருந்து விடணும்."